ஹசார்டஸ் ஏரியால ஸ்டீம் டர்பைனுக்கு டிஜிட்டல் கவர்னர்: செலக்ட் பண்றப்பவும் மாட்டறப்பவும் அடிக்கடி கேக்கற கேள்விகள்

கவர்னர்ங்கறது டர்பைன் ஸ்பீடை பார்த்து ஸ்டீம் வால்வை திறந்து மூடி ஸ்பீடை நிலையா வைக்கற சாதனம்; ஹசார்டஸ் ஏரியான்னா பத்திக்கற கேஸ் வரலாம்னு குறிச்ச இடம். பழைய மெக்கானிக்கல்-ஹைட்ராலிக் கவர்னரை கழட்டிட்டு டிஜிட்டல் போடப்போற இன்ஸ்ட்ருமென்ட் ஆளுங்க, மெயின்டனன்ஸ் ஆளுங்க, புதுசா ப்ராஜெக்ட்ல சேர்ந்த பசங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதினது இது. பொதுவா பேசிக்கிட்டே போனா எதுவும் மனசுல நிக்காது, அதனால ஒரே ஒரு மெஷினை வச்சுக்கலாம்: ரிஃபைனரில டீசல் ஹைட்ரோட்ரீட்டர் யூனிட், அதுல ரீசைக்கிள் கேஸ் கம்ப்ரஸரை ஓட்டற ஸ்டீம் டர்பைன், ரேட்டட் ஸ்பீடு 9000 ஆர்பிஎம். கம்ப்ரஸருக்குள்ள ஓடற கேஸ்ல பெரும்பங்கு ஹைட்ரஜன், கூடவே கொஞ்சம் எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு). உங்க பிளான்ட் ஃபெர்டிலைசரோ பெட்ரோகெமிக்கலோ எதுவா இருந்தாலும் யோசிக்கற வழி இதேதான், நம்பர் மட்டும் மாறும்.

பழைய கவர்னர் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?

நல்லா ஓடுது, ஸ்பேர் கிடைக்குது, ஸ்பீடு கொஞ்சம் ஆடறதால ப்ராசஸுக்கு தொந்தரவு இல்லைன்னா அவசரப்பட வேண்டாம், இதை நான் மனசார சொல்றேன். ஒரு கூலிங் வாட்டர் பம்ப்பை ஓட்டற சின்ன டர்பைனுக்கு வுட்வர்ட் டிஜி-13 மாதிரி மெக்கானிக்கல் கவர்னரே போதும். 1788ல ஜேம்ஸ் வாட் ஸ்டீம் இன்ஜின்ல மாட்டின சுத்தற குண்டு தத்துவம்தான் அதுக்குள்ளயும் இருக்கு, இன்னிக்கும் ஒழுங்கா வேலை செய்யுது.

ஆனா ரீசைக்கிள் கேஸ் கம்ப்ரஸர் கதை வேற. நேமாங்கற அமெரிக்க ஸ்டாண்டர்டுல கவர்னரை ஏ, பி, சி, டின்னு நாலு கிளாஸா பிரிச்சிருக்காங்க. ஏ கிளாஸ்னா லோடு மாறும்போது ஸ்பீடு 10 சதவீதம் வரைக்கும் இறங்கலாம், டி கிளாஸ்னா 0.5 சதவீதம்தான். கம்ப்ரஸர் ஸ்பீடு இறங்கினா சர்ஜ் லைன் (தாண்டினா கேஸ் பின்னோக்கி அடிக்கற எல்லை) பக்கம் போகும், ரியாக்டருக்கு போற ஹைட்ரஜன் குறையும், அப்புறம் பெட் டெம்பரேச்சர் ஏறும், யூனிட் முழுக்க இழுத்துட்டு போயிடும். இந்த மாதிரி சர்வீஸுக்கு டி கிளாஸ் வேணும், அதுக்கு டிஜிட்டல்தான் இன்னிக்கு சுலபமான வழி. கூடவே ரோட்டர் அதிகமா அதிர்ற கிரிட்டிகல் ஸ்பீடுல நிக்காம தாண்டிப் போறது, கோல்டு ஸ்டார்ட் ஹாட் ஸ்டார்ட்டுக்கு தனித்தனி ரேம்ப், எந்த ட்ரிப் (பாதுகாப்புக்காக மெஷினை உடனே நிறுத்தறது) முதல்ல வந்ததுன்னு நேரத்தோட பதிவு, இதெல்லாம் கிடைக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் ட்ரிப் ஆகி எதனாலன்னு தெரியாம நிக்கறவங்களுக்கு கடைசியா சொன்ன பதிவு ஒண்ணே காசுக்கு பெறும்.

டிசிஎஸ் (பிளான்ட் முழுக்க கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் சிஸ்டம்) இருக்கே, அதுலயே ஒரு பிஐடி கன்ட்ரோல் லூப் போட்டு ஸ்பீடு கன்ட்ரோல் பண்ணிடலாமே?

வேண்டாம். டிசிஎஸ் லூப் வழக்கமா கால் செகண்டுக்கு ஒரு தடவையோ ஒரு செகண்டுக்கு ஒரு தடவையோ ஓடும், ஃப்ளோ, லெவல், டெம்பரேச்சருக்கு அது போதும். ரோட்டருக்கு பத்தாது. கணக்கு போட்டு பாருங்க: நின்ன இடத்துலருந்து ஃபுல் டார்க்ல ரேட்டட் ஸ்பீடுக்கு வர 6 செகண்ட் எடுக்கற ரோட்டர்னா, ஓடிட்டு இருக்கும்போது கப்ளிங் அறுந்து லோடு போச்சுன்னா செகண்டுக்கு சுமார் 17 சதவீதம் ஸ்பீடு ஏறும். 100லருந்து 110க்கு போக 0.6 செகண்ட்தான். அந்த நேரத்துல டிசிஎஸ் ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் கண்ணை திறந்து பார்த்திருக்கும். கவர்னர் சில பத்து மில்லிசெகண்டுக்குள்ள ஸ்பீடை படிச்சு, கணக்கு போட்டு, வால்வுக்கு சொல்லணும். டிசிஎஸ் 4-20 மில்லியாம்ப்ல ரிமோட் செட்பாயின்ட் கொடுக்கட்டும், அத்தோட டிசிஎஸ் வேலை முடிஞ்சுது.

கவர்னர்லயே ஓவர்ஸ்பீடு ட்ரிப் ஃபங்ஷன் இருக்கு, தனியா இன்னொரு சிஸ்டம் கட்டாயமா?

கட்டாயம். பட்ஜெட் மீட்டிங்ல முதல்ல வெட்டப்படறது இதுதான், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்பீடு தப்பா போறதுக்கே ஒரு முக்கிய காரணம் கவர்னர் கெட்டுப்போறது. கெட்டுப்போன பொட்டியே தன்னை நிறுத்திக்கணும்னு எதிர்பார்க்க முடியாது. அதனால தனி ஸ்பீடு ப்ரோப் (சென்சார்), தனி பவர், தனி லாஜிக், டர்பைனுக்கு வர்ற ஸ்டீமை நிறுத்தற ட்ரிப் அண்ட் த்ராட்டில் வால்வை (டிஅண்ட்டி வால்வு) தனியா மூடற வழி, எல்லாமே வேற. மெஷின் பாதுகாப்பு ஸ்டாண்டர்ட் ஏபிஐ 670 சொல்ற மாதிரி மூணு ப்ரோப், மூணுல ரெண்டு சொன்னா ட்ரிப், அப்பதான் ஒரு ப்ரோப் கெட்டுப்போனாலும் மெஷின் தேவையில்லாம நிக்காது, தேவைப்படும்போது நிக்காம போகவும் போகாது.

டிஸ்க்ல வர்ற ஸ்ட்ரெஸ் ஸ்பீடோட ஸ்கொயர்ல ஏறும். 110 சதவீதம் போனா 21 சதவீதம் கூடுதல், 120க்கு போனா 44 சதவீதம். நம்ம மெஷின்ல ரேட்டட் 9000, மேக்ஸிமம் கன்டினியுவஸ் 105 சதவீதம்னா 9450, அதுல 110 சதவீதம் போட்டா ட்ரிப் செட்டிங் 10395 ஆர்பிஎம். இந்த நம்பரை டர்பைன் மேனுஃபேக்சரர் டேட்டா ஷீட்டோட ஒத்துப் பார்த்துட்டுதான் உள்ள போடணும், பழைய போல்ட் டைப் ட்ரிப்போட நம்பரை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது.

ரெண்டு சிஸ்டம் இருந்தா மட்டும் போதாது, தனித்தனியா டெஸ்ட் பண்ணியும் பார்க்கணும். 1991 நவம்பர் 9, அமெரிக்கால நியூ ஜெர்சில இருக்கற சேலம் அணுமின் நிலையம், நம்ம சேலம் இல்ல. அங்க ரெண்டாவது யூனிட் 1800 ஆர்பிஎம் டர்பைன் 2900 பக்கம் போயிடுச்சு. ஓவர்ஸ்பீடு பாதுகாப்புக்கு ஒண்ணுக்கு மேல சோலினாய்டு வால்வு இருந்தும் அத்தனையும் உள்ள இறுகி ஸ்டக் ஆகியிருந்துது. பிளேடு உடைஞ்சு கேசிங்கை கிழிச்சுட்டு வெளிய வந்துது, ஜெனரேட்டரை குளிரவைக்கற ஹைட்ரஜன் லீக் ஆகி தீப்பிடிச்சுது. ஒவ்வொரு சோலினாய்டையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணியிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஹைட்ரஜன் ஓடற மெஷின் பக்கத்துல வேலை பார்க்கற நம்ம ஒவ்வொருத்தரும் இதை தெரிஞ்சு வச்சிருக்கணும்.

எங்க ஏரியா ஜோன் 1ஆ ஜோன் 2ஆன்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

ஊகிக்காதீங்க, சீனியர் சொன்னார்னும் எடுத்துக்காதீங்க, ஏரியா கிளாஸிஃபிகேஷன் டிராயிங்கை வாங்கி பாருங்க. இந்தியால ஐஎஸ் 5572ம் ஓஐஎஸ்டி 113ம் இதுக்கு அடிப்படை. கேஸ் எப்பவுமே இருக்கற இடம் ஜோன் 0, சாதாரணமா ஓடும்போதே அப்பப்ப வரலாம்னா ஜோன் 1, ஏதாவது கோளாறு ஆனா மட்டும் கொஞ்ச நேரம் வரலாம்னா ஜோன் 2. நல்லா காத்தோட்டம் இருக்கற கம்ப்ரஸர் ஷெட்ல பெரும்பாலும் ஜோன் 2தான் வரும், ஆனா சீல் வென்ட் பக்கத்துலயும், பள்ளத்துலயும், ஹைட்ரஜன் மேல தங்கற மாதிரி கூரை இருந்தா கூரைக்கு கீழயும் ஜோன் 1 வரலாம். ஷெட்டுக்கு பக்கவாட்டு ஷீட் அடிச்சு பத்து வருஷம் ஆகியிருக்கும், டிராயிங் அதுக்கு முன்னாடி போட்டதா இருக்கும். அப்படின்னா அந்த டிராயிங்கை நம்பி ஆர்டர் போடாதீங்க, திரும்ப ஸ்டடி பண்ணச் சொல்லுங்க.

கேஸ் குரூப் (எவ்வளவு சுலபமா பத்திக்கும்), டெம்பரேச்சர் ரேட்டிங் (டி1, டி3 மாதிரி) எது கேக்கணும்?

நம்ம மெஷினுக்கு ஐஐசி, டி3 குறைஞ்சபட்சம். எப்படி வந்துதுன்னா, ஹைட்ரஜன் குரூப் ஐஐசி. அதை பத்த வைக்க சுமார் 0.02 மில்லிஜூல் போதும், ப்ரொப்பேனுக்கு 0.25 வேணும், பத்து மடங்குக்கு மேல வித்தியாசம். ஆனா ஹைட்ரஜன் தானா பத்திக்கற டெம்பரேச்சர் 500 டிகிரிக்கு மேல, அதனால டெம்பரேச்சர் கிளாஸ் பார்த்தா டி1 போதும். இங்கதான் பலரும் நிறுத்திடறாங்க. எச்டூஎஸ் 260, 270 டிகிரிலயே பத்திக்கும், அதனால டி3, அதாவது பொட்டியோட எந்த பரப்பும் 200 டிகிரிக்கு மேல போகக்கூடாது. குரூப் ஒரு கேஸ்லருந்து, டெம்பரேச்சர் கிளாஸ் இன்னொரு கேஸ்லருந்து, ரெண்டுலயும் கடுமையானதை எடுத்துக்கணும். நடைமுறைல டி4 போட்டு வாங்கிடுங்க, 135 டிகிரிதான் லிமிட், கவர்னர் மாதிரி எலக்ட்ரானிக்ஸுக்கு அது கஷ்டமே இல்ல.

ஐஐபி பிளஸ் ஹைட்ரஜன்னு மார்க்கிங் போட்ட பொட்டியும் வரும். அதுவும் ஹைட்ரஜனுக்கு ஓகேதான், அசெட்டிலினுக்குதான் ஆகாது.

மார்க்கிங்ல கடைசில ஒரு எக்ஸ் போட்டிருக்கே, அது என்ன?

சர்டிஃபிகேட் நம்பருக்கு பின்னாடி எக்ஸ் இருந்தா ஸ்பெஷல் கண்டிஷன் இருக்குன்னு அர்த்தம். டிஸ்ப்ளே ஜன்னலை ஈரத்துணியால மட்டும் துடைக்கணும் (காஞ்ச துணின்னா ஸ்டாட்டிக் வரும்), இல்லைன்னா இந்த அளவு ஐபி ரேட்டிங் உள்ள கேபினெட்டுக்குள்ள மட்டும் வைக்கணும், இப்படி ஏதாவது. அந்த கண்டிஷன் நேம் பிளேட்ல இருக்காது, சர்டிஃபிகேட்டோட உள்பக்கத்துல இருக்கும், முழு பேப்பரையும் கேட்டு வாங்குங்க. ஆம்பியன்ட் ரேஞ்சையும் அப்பவே பாருங்க. தனியா ஒண்ணும் எழுதலைன்னா மைனஸ் 20லருந்து பிளஸ் 40 வரைக்கும்தான் சர்டிஃபிகேட் செல்லும். மே மாசம் மணலியிலயோ தூத்துக்குடியிலயோ நிழல்லயே 40ஐ தொடும், டர்பைன் பக்கத்துல 50ஐ தாண்டும். 60 டிகிரி வரைக்கும்னு எழுதினதை வாங்குங்க.

அமெரிக்க சர்டிஃபிகேட் இருக்கு, கிளாஸ் 1 டிவிஷன் 2ன்னு. இது நம்ம ஊருக்கு போதாதா?

டெக்னிக்கலா டிவிஷன் 2ம் ஜோன் 2ம் ஏறக்குறைய ஒண்ணுதான், டிவிஷன் 1க்குள்ள ஜோன் 0ம் 1ம் ரெண்டும் வந்துடும். குரூப்போட எழுத்து மட்டும் வேற மாதிரி: அங்க ஏ அசெட்டிலின், பி ஹைட்ரஜன், சி எத்திலீன், டி ப்ரொப்பேன். ஆனா சட்டப்படி பார்த்தா இந்தியால பெட்ரோலியம் ரூல்ஸ் 2002 கீழ வர்ற இடத்துல மாட்டற எலக்ட்ரிக்கல் சாமானுக்கு பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அப்ரூவல் வேணும், நாக்பூர்ல தலைமை ஆபீஸ் இருக்கறதே அதுதான். வெளிநாட்டு சாமான்னா ஐஇசி-எக்ஸ் (சர்வதேச) இல்ல ஏடெக்ஸ் (ஐரோப்பிய) சர்டிஃபிகேட்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் வச்சு அந்த அப்ரூவல் எடுக்கறதுதான் வழக்கம். டிவிஷன் 2 பேப்பர் மட்டும் வச்சிருக்கற வெண்டரை நம்பி பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுட்டு, சாமான் துறைமுகத்துல இறங்கினதுக்கு அப்புறம் அப்ரூவல் தேடினா ஷட்டவுன் டேட் போயிடும். ஆர்டர்லயே பெசோ அப்ரூவல் காப்பியோட டெலிவரின்னு எழுதிடுங்க.

கவர்னரை மெஷின் பக்கத்துல வைக்கலாமா, கன்ட்ரோல் ரூம்ல வைக்கலாமா?

என் அபிப்பிராயம் கேட்டா, முடிஞ்சா கன்ட்ரோல் ரூம்லயோ சேஃப் ஏரியா ராக் ரூம்லயோ வைங்க, ஃபீல்டுல ப்ரோப், ஸ்டீம் வால்வை அசைக்கற ஆக்சுவேட்டர், ஒரு சின்ன லோக்கல் பேனல் மட்டும் போதும். ஏசி இருக்கும், தூசி இல்ல, ராத்திரில கூட பெர்மிட் இல்லாம கதவை திறந்து பார்க்கலாம். அந்தக் கடைசி விஷயத்தோட அருமை ட்ரபுள்ஷூட் பண்றவங்களுக்குதான் தெரியும்.

ஆனா சின்ன மெக்கானிக்கல் டிரைவ் டர்பைன், கன்ட்ரோல் ரூம் 400 மீட்டர் தள்ளி, கேபிள் ட்ரே இடமில்ல, ஆபரேட்டர் மெஷின் பக்கத்துல நின்னுதான் ஸ்டார்ட் பண்றார்னா ஃபீல்டு மவுன்டட் கவர்னர்தான் சரி. ஜோன் 2க்குன்னே செஞ்ச வாட்டர் டைட் பொட்டில கீபேடு, டிஸ்ப்ளேயோட வருது, நேரா மாட்டிடலாம். டர்பைன் ஸ்கிட் மேலயே மட்டும் மாட்டாதீங்க, வைப்ரேஷனும் ஸ்டீம் சூடும் சேர்ந்து கனெக்டரை லூஸ் பண்ணிடும். தனி ஸ்டாண்ட் போட்டு, மேல வெயில் மறைப்பு வச்சு, ஸ்டீம் ட்ரெயின் எங்க பீச்சுதுன்னு பார்த்து அதுக்கு எதிர்ப்பக்கம் வைங்க.

ஜோன் 1ல கட்டாயம் வைக்கணும்னா என்ன வழி?

ஃப்ளேம்ப்ரூஃப் பொட்டிக்குள்ள (உள்ள பத்தினாலும் தீ வெளிய வராத பொட்டி) போடலாம், இல்லைன்னா பர்ஜ் பண்ணின கேபினெட்ல (சுத்தமான காத்தை பிரஷரோட உள்ள வச்சு கேஸ் நுழையாம தடுக்கறது) போடலாம். ஃப்ளேம்ப்ரூஃப் கனமா இருக்கும், திறக்கணும்னா பவரை ஆஃப் பண்ணணும், ஆனா காத்து சப்ளையை நம்பி இருக்காது. பர்ஜ் கேபினெட்ல கவனிக்காம விடறது ஒண்ணு இருக்கு: பிஎக்ஸ் டைப் பர்ஜ்னா உள்ள பிரஷர் போனா பவரை தானா கட் பண்ணணும். கவர்னர் பவர் போனா டர்பைன் ட்ரிப். அதாவது இன்ஸ்ட்ருமென்ட் ஏர்ல ஒரு சின்ன ரெகுலேட்டர் கெட்டா முழு யூனிட்டும் கீழ வரும். இதுக்கு பதிலா ஜோன் 2 சர்டிஃபிகேட் இருக்கற கவர்னரையே எடுத்து பிஒய் டைப் பர்ஜ்ல வச்சா, பிரஷர் போனா அலாரம் மட்டும் கொடுத்தா போதும், ஆள் போய் சரி பண்ண நேரம் கிடைக்கும். செலவு பெரிசா கூடாது, யோசனைதான் முன்னாடியே வேணும். எந்த பர்ஜ் டைப்பா இருந்தாலும் பவர் ஆன் பண்றதுக்கு முன்னாடி கேபினெட் கொள்ளளவை போல குறைஞ்சது அஞ்சு மடங்கு காத்தை உள்ள விட்டு துடைச்சு எடுக்கணும்.

ஸ்பீடு ப்ரோப் விஷயத்துல என்ன கவனிக்கணும்?

நிறைய இருக்கு. எல்லா பணத்தையும் கவர்னர் பொட்டில போட்டுட்டு ப்ரோப்பை கடைசில கையில கிடைச்சதை மாட்டறது பல இடத்துல நடக்குது, கவர்னருக்கு கண்ணே அதுதான்.

பல்லு சக்கரம் டர்பைன் ஷாஃப்ட்லயே இருக்கணும், கியர்பாக்ஸுக்கு அந்தப் பக்கமோ கப்ளிங்குக்கு அந்தப் பக்கமோ இருக்கக் கூடாது, கப்ளிங் உடைஞ்சா கவர்னருக்கு ஸ்பீடு ஜீரோன்னு தெரியும், வால்வை முழுசா திறந்துடும். ஃப்ரீக்வன்சி கணக்கு: பல்லு எண்ணிக்கையை ஆர்பிஎம்மால பெருக்கி 60ஆல வகுக்கணும். 30 பல்லு, 9000 ஆர்பிஎம்னா 4500 ஹெர்ட்ஸ். ஓவர்ஸ்பீடு டெஸ்ட் வரைக்கும் போற ஃப்ரீக்வன்சியை கவர்னரும், ஹசார்டஸ் ஏரியாவுக்கு போற மின்சக்தியை கட்டுப்படுத்த நடுவுல இருக்கற பேரியரும் தாங்குதான்னு பாருங்க.

மேக்னடிக் பிக்கப், எம்பியுன்னு சொல்றது, பவர் தேவையில்லாதது, ஆனா மெதுவா சுத்தும்போது வோல்டேஜே வராது. கவர்னர் இன்புட் வழக்கமா 1 வோல்ட் ஆர்எம்எஸ் எதிர்பார்க்கும். கேப் கால் மில்லிமீட்டர்லருந்து ஒரு மில்லிமீட்டருக்குள்ள. ஸ்டார்ட் பண்ணும்போது எந்த ஆர்பிஎம்ல சிக்னல் வருதுன்னு பார்த்து, அதுவரைக்கும் மட்டும் ப்ரோப் ஃபெயில் ட்ரிப்பை ஓவர்ரைடு பண்ணணும், அதுக்கும் ஒரு டைமர் வேணும். ஸ்லோ ரோல் ஸ்பீடையும் பார்க்கணும்னா ஆக்டிவ் ப்ரோப் போடுங்க.

இப்ப ஹசார்டஸ் ஏரியா விஷயம். எம்பியு வெறும் காயில்தானே, சிம்பிள் அப்பரேட்டஸ் (ரொம்ப கம்மி சக்தி உள்ள எளிய சாமான்), சர்டிஃபிகேட் எதுக்குன்னு கேப்பாங்க. சிம்பிள் அப்பரேட்டஸ்னு சொல்ல 1.5 வோல்ட், 100 மில்லியாம்ப், 25 மில்லிவாட்டுக்குள்ள இருக்கணும். எம்பியு ஃபுல் ஸ்பீடுல பத்து வோல்ட்டுக்கு மேல சாதாரணமா கொடுக்கும், காயில் இண்டக்டன்ஸும் பெருசு, ஐஐசில அனுமதிக்கற இண்டக்டன்ஸ் கம்மி. அதனால சர்டிஃபைட் எம்பியுதான் வாங்கணும், பேரியரோட யூ, ஐ, பி (வோல்டேஜ், கரன்ட், பவர்) மதிப்புங்களை ப்ரோப்போட மதிப்போட ஒவ்வொண்ணா ஒத்துப் பார்க்கணும், கேபிளோட கெபாசிட்டன்ஸ், இண்டக்டன்ஸையும் கூட்டணும். இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி ஃபைல்ல வைங்க, ஆடிட்ல முதல்ல கேக்கறது அதைத்தான். பேரியரோட ரெசிஸ்டன்ஸால சிக்னல் கொஞ்சம் இறங்கும், அதனால 1 வோல்ட் இருக்கான்னு பேரியருக்கு முன்னாடி அளந்துட்டு சந்தோஷப்பட வேண்டாம், கவர்னர் டெர்மினல்ல அளங்க.

ஆக்சுவேட்டர் எது நல்லது?

முதல்ல பார்க்க வேண்டியது கரன்ட். 4-20 மில்லியாம்ப்ல வேலை செய்யற பொசிஷனரோ கரன்ட்-டு-பிரஷர் கன்வர்ட்டரோ இருந்தா இன்ட்ரின்சிக்கலி சேஃப் (கேஸை பத்த வைக்க முடியாத அளவு கம்மி மின்சக்தி) வழில போக வாய்ப்பு இருக்கு. ஆனா நிறைய டர்பைன் ஆக்சுவேட்டர் 200 மில்லியாம்ப் வரைக்கும் எடுக்கற காயில், அதை ஐஐசில இன்ட்ரின்சிக்கலி சேஃபா ஓட்ட முடியாது, ஃப்ளேம்ப்ரூஃப் ஆக்சுவேட்டர்தான். ஒரே மெஷின்ல ப்ரோப்புக்கு ஒரு மெத்தட், ஆக்சுவேட்டருக்கு வேற மெத்தட் வர்றது சகஜம், தப்பில்ல, கேபிளை மட்டும் தனித்தனி ட்ரேல, தனித்தனி ஜங்ஷன் பாக்ஸ்ல கொண்டு போங்க.

அப்புறம் லிங்கேஜ். டிஜிட்டல் கவர்னர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் பின் தேஞ்சு, லிங்க் லொடலொடன்னு ஆடினா ஸ்பீடு ஆடத்தான் செய்யும். கவர்னர் மாத்தற அதே ஷட்டவுன்ல பின், புஷ், ராட் எண்ட் எல்லாத்தையும் மாத்திடுங்க. ஹைட்ராலிக்னா ஆயில் சுத்தம் ரொம்ப முக்கியம், பழைய கவர்னர் பொறுத்துக்கிட்ட அழுக்கு ஆயில்ல புது பைலட் வால்வு ஒட்டிக்கும். ஃபில்டர் போட்டு ஃப்ளஷ் பண்ணி ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் இணைங்க.

கிளாண்ட், கேபிள்ல என்ன தப்பு நடக்குது?

பொட்டி ஐஐசி ஃப்ளேம்ப்ரூஃப், கிளாண்ட் (கேபிள் பொட்டிக்குள்ள நுழையற இடத்துல மாட்டறது) ஸ்டோர்ல இருந்த சாதா வெதர்ப்ரூஃப், அப்ப அந்த சர்டிஃபிகேட்டுக்கு அர்த்தமே இல்ல. கிளாண்டுக்கும் தனி சர்டிஃபிகேட் வேணும், பயன்படுத்தாத ஓட்டைக்கு சர்டிஃபைட் பிளக் வேணும், சிவப்பு பிளாஸ்டிக் மூடி டிரான்ஸ்போர்ட்டுக்கு மட்டும். த்ரெட் பொட்டில முக்கால் இன்ச் என்பிடி, கிளாண்ட் எம்20 அப்படின்னா எம்-சீல் போட்டு திருகாதீங்க, சர்டிஃபைட் அடாப்டர் இருக்கு. குறைஞ்சது அஞ்சு த்ரெட் முழுசா பிடிக்கணும். மூடியும் பொட்டியும் சேர்ற ஃப்ளேம் பாத் பரப்புல பெயின்ட் அடிக்கக் கூடாது, கேஸ்கெட் வெட்டி வைக்கக் கூடாது, கீறல் விழற மாதிரி தரையில கவிழ்த்து வைக்கக் கூடாது. இறுகாத வகை கிரீஸ் மட்டும் தடவலாம். ஃப்ளேஞ்ச் டைப் ஜாயின்ட்னா அதுக்கு எதிர்ல ஐஐசிக்கு 40 மில்லிமீட்டருக்குள்ள சுவரோ பைப்போ சப்போர்ட்டோ இருக்கக் கூடாது. பொட்டியை மாட்டும்போது சரியாத்தான் இருக்கும், ஆறு மாசம் கழிச்சு வேற காண்ட்ராக்டர் வந்து குறுக்க ஒரு ஆங்கிள் வெல்டு பண்ணிட்டு போவார்.

இன்ட்ரின்சிக்கலி சேஃப் கேபிளுக்கு நீல உறை, மத்த டெர்மினல்லருந்து 50 மில்லிமீட்டர் இடைவெளி. ஷீல்டை ஒரே பக்கம்தான் எர்த் பண்ணணும், சேஃப் ஏரியா பக்கம். ஜீனர் பேரியர்னா தனி எர்த் பார், 1 ஓம்முக்குள்ள. அந்த எர்த்தை பராமரிக்க ஆள் இல்லைன்னா கால்வானிக் ஐசொலேட்டர் போடுங்க, நான் அதைத்தான் சொல்வேன்.

பவர் சப்ளை?

ரெண்டு 24 வோல்ட் டிசி, தனித்தனி யுபிஎஸ்லருந்து, டயோடு வச்சு சேர்த்து. ட்ரிப் சர்க்யூட் எல்லாம் டீ-எனர்ஜைஸ் டு ட்ரிப், அதாவது பவர் போனா ட்ரிப். ஒரு ஃப்யூஸை உருவி பாருங்க, மெஷின் நிக்கக் கூடாது. ரெண்டையும் உருவுங்க, நின்னே ஆகணும். இதை கமிஷனிங்ல செஞ்சு காட்டச் சொல்லுங்க.

கடற்கரை பிளான்ட், எச்டூஎஸ் வேற இருக்கு. போர்டு தாங்குமா?

கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டு மேல பூசற பாதுகாப்பு பூச்சு) இல்லாம தாங்காது. எச்டூஎஸ் செம்பையும் வெள்ளியையும் தின்னும், ரிலே கான்டாக்ட் கறுத்துப்போகும், உப்புக்காத்து சேர்ந்தா இன்னும் வேகம். ஐஎஸ்ஏ 71.04ல ஜி3, அதாவது கடுமையா அரிக்கற சூழலுக்குன்னு ஸ்பெக்ல எழுதுங்க. எண்ணூர், மணலி மாதிரி இடத்துல ராக் ரூமுக்கும் கெமிக்கல் ஃபில்டர் வேணும்.

டர்பைன் கேசிங்கே 400 டிகிரி சூடு, அப்புறம் பொட்டிக்கு டி4 கேட்டு என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. திறந்த வெளில சூடான பரப்பு மேல கேஸ் நகர்ந்துட்டே இருக்கும், லேப்ல அளந்த டெம்பரேச்சரை விட நல்லா அதிகமா இருந்தாத்தான் பத்தும். மூடின பொட்டிக்குள்ள கேஸ் தேங்கி நிக்கும், அங்க கதை வேற, அதோட ஸ்பார்க்கும் இருக்கு. அதுக்காக கேசிங்கை விட்டுடலாம்னு இல்ல, மெக்கானிக்கல் சாமானோட இக்னிஷன் ஆபத்தை மதிப்பிட ஐஎஸ்ஓ 80079-36 இருக்கு. லாகிங் (கேசிங் மேல சுத்தற சூடு காக்கற உறை) முழுசா இருக்கணும், ஆயில் லீக் லாகிங்குக்குள்ள ஊறக் கூடாது. ஊறின லாகிங்கை பிச்சு எறிஞ்சுட்டு புதுசு போடுங்க, தீ அங்கிருந்துதான் சத்தமில்லாம கிளம்பும்.

கமிஷனிங் எந்த வரிசைல?

ஸ்டீம் வர்றதுக்கு முன்னாடியே முக்கால்வாசி வேலை முடிஞ்சிருக்கணும். லூப் செக், ஆக்சுவேட்டர் ஸ்ட்ரோக் காலிப்ரேஷன், 0, 25, 50, 75, 100ல வால்வு நிஜமா எங்க நிக்குதுன்னு ஸ்கேல் வச்சு அளக்கறது, ஃப்ரீக்வன்சி ஜெனரேட்டர் வச்சு ஸ்பீடு சிமுலேட் பண்ணி கவர்னரும் ஓவர்ஸ்பீடு சிஸ்டமும் ஒரே ஆர்பிஎம்மை காட்டுதான்னு பார்க்கறது, ஒவ்வொரு ட்ரிப் இன்புட்டையும் தனித்தனியா அடிச்சு டிஅண்ட்டி வால்வு நிஜமா மூடறதை கண்ணால பார்க்கறது.

அப்புறம் கப்ளிங் கழட்டி சோலோ ரன். முதல்ல எமர்ஜென்சி புஷ் பட்டன் குறைஞ்ச ஸ்பீடுல வேலை செய்யுதான்னு பார்த்துட்டுதான் மேல போகணும். கிரிட்டிகல் ஸ்பீடு பேண்டை கவர்னர் நிக்காம தாண்டுதான்னு வைப்ரேஷன் ஸ்க்ரீனோட சேர்த்து பாருங்க. ஓவர்ஸ்பீடு டெஸ்ட்ல மெஷின் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது, ஒரு ஆள் தனியா ஹேண்ட் ட்ரிப்புக்கு ரெடியா, கையடக்க டாகோமீட்டரோ மூணாவது இன்டிகேட்டரோ வச்சு ஸ்பீடை சொல்லிட்டே இருக்கணும். செட்டிங்கை தாண்டியும் ட்ரிப் வரலைன்னா இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்னு யாரும் சொல்லக் கூடாது, அந்த நம்பரை முன்னாடியே பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டிருக்கணும்.

ஸ்பீடு ஹண்டிங் ஆகுது (ஏறி இறங்கிட்டே இருக்கு), கெய்ன் குறைச்சும் நிக்கலை?

கெய்னை தொடறதுக்கு முன்னாடி கவர்னரை மேனுவல்ல போட்டு வால்வு டிமாண்டை லாக் பண்ணிட்டு பாருங்க. அப்பவும் ஸ்பீடு ஆடினா காரணம் கவர்னர் இல்ல, ஸ்டீம் பிரஷரோ, கம்ப்ரஸர் லோடோ, ஆன்டி-சர்ஜ் லூப்போ. லாக் பண்ணினா நிக்குது, ஆட்டோல ஆடுதுன்னா லிங்கேஜ் லூஸ், வால்வு ஸ்டெம் ஒட்டறது, அப்புறம்தான் ட்யூனிங். ஒட்டற வால்வுக்கு அடையாளம், டிமாண்ட் மெதுவா ஏறும், ஸ்பீடு அசையாது, திடீர்னு ஒரே குதி. ஸ்டீம்ல சிலிகா, உப்பு வந்து ஸ்டெம்ல படியறது இதுக்கு வழக்கமான காரணம். பாய்லர் கெமிஸ்ட்டோட உக்காந்து பேசுங்க, பிஐடியோட மல்லுக்கட்டாதீங்க.

ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் என்ன பராமரிப்பு?

டிஅண்ட்டி வால்வை ஓடும்போதே கொஞ்சம் அசைச்சு பார்க்கற வசதி இருந்தா ஷெட்யூல் போட்டு செய்யுங்க, ட்ரிப் சோலினாய்டை ஒவ்வொண்ணா ஆன்லைன் டெஸ்ட் பண்ற பிளாக் வாங்கியிருந்தா அதையும். ஹசார்டஸ் ஏரியா இன்ஸ்பெக்ஷனுக்கு ஐஇசி 60079-17 இருக்கு, விஷுவல், க்ளோஸ், டீட்டெய்ல்டுன்னு மூணு அளவு, நிபுணர் ஆலோசனை இல்லாம இடைவெளி மூணு வருஷத்தை தாண்டக் கூடாது. கவர்னர் பொட்டி மட்டும் இல்ல, ப்ரோப், ஜங்ஷன் பாக்ஸ், கிளாண்ட், பேரியர், ஆக்சுவேட்டர், இந்த மொத்த லூப்பையும் ஒரே டேக் லிஸ்ட்ல வச்சு பாருங்க.

கான்ஃபிகரேஷன் மாத்தணும்னா லேப்டாப்பை ஃபீல்டுக்கு கொண்டு போலாமா?

சாதா லேப்டாப் இக்னிஷன் சோர்ஸ்தான். ஜோன் 2ஆ இருந்தாலும் ஹாட் வொர்க் பெர்மிட், கேஸ் டெஸ்ட், ஆள் போறவரைக்கும் கையில டிடெக்டர். இந்தத் தொல்லையே வேண்டாம்னா சீரியல் இல்ல ஈதர்நெட் கேபிளை ஆரம்பத்துலயே சேஃப் ஏரியா வரைக்கும் இழுத்து வச்சிடுங்க. அந்த போர்ட்டை பிளான்ட் நெட்வொர்க்கோட சும்மா இணைச்சு விடாதீங்க, ஃபேக்டரி பாஸ்வேர்டை முதல் நாளே மாத்துங்க. ஓடற மெஷின்ல பாராமீட்டர் மாத்தறதுக்கு எம்ஓசி (மாற்றத்துக்கு முறைப்படி அனுமதி) கட்டாயம். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃபைலை சேவ் பண்ணி, ஒரு காப்பி பேனல் கதவுக்கு உள்ள, இன்னொரு காப்பி இன்ஸ்ட்ருமென்ட் ஒர்க்‌ஷாப்ல, ஸ்பேர் கவர்னர்ல அதே ஃபைலை ஏத்தி ரெடியா வச்சிருங்க.